மாத்துக் கேட்டவன்

நாற்காலி சூடாக இருந்தது.

சமையலறைக்குப் போகிற வழியில் சுவரோரமாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி அது. வீட்டில் அவனைத் தவிர யாரும் இல்லை. துணிக் கம்பெனியில் இஸ்திரி போடும் மனைவி காலையிலேயே வேலைக்குப் போயிருந்தாள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று பகலிலும் இழுத்து மூடிய திரைகளுக்குப் பின்னால், வீடு பழைய பாத்திரத்தின் அடிப்பக்கம் போல மங்கிக் கிடந்தது. அவன் படுக்கையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, மூச்சு வாங்க, அதில் உட்கார்ந்தான். யாரோ நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போன மாதிரி அந்தச் சூடு துணியைத் தாண்டித் தொடையில் ஏறியது.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். காய்ச்சல் இல்லை. சரி, மூளைதான் ஏதோ உளறுகிறது என்று விட்டுவிட்டான். அடுப்பைப் பற்றவைக்க வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிற மூளை. அதை நம்பி ஒரு முடிவுக்கும் வர முடியாது.

அவனைக் கிரேன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மாவுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். மற்றவர்கள் ஒரு மூட்டையோடு முக்கி முனகுகிற இடத்தில், அவன் தோளுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டு, சினிமாக் கதை பேசிக்கொண்டு நடந்தவன். கொரோனா ஊருக்கே வந்தது, அவனுக்கும் வந்தது. ஊரை விட்டுப் போய்விட்டது, அவனை விட்டுப் போகவில்லை. காய்ச்சலும் இருமலும் போன பிறகு, உடம்புக்குள் இருந்த கயிற்றை எல்லாம் யாரோ உருவிக்கொண்டு போன மாதிரி ஒரு களைப்பு தங்கிவிட்டது. தூங்கினால் தீராத களைப்பு. குளித்தால் அன்றைய பொழுது போயிற்று. தலை துவட்டினால் மறுநாளும் போயிற்று.

டாக்டர் எல்லாச் சோதனையும் எடுத்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று, ஏதோ அவன் பரீட்சையில் தேறிவிட்டது போலச் சிரித்தார். சிலருக்கு இப்படி நீடிக்கும், களைப்பு வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும், இருக்கிற தெம்பைச் சில்லறை மாதிரி பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டும் என்றார். இதைச் சொல்ல அவர் எவ்வளவு படித்திருப்பார் என்று கிரேன் மனதுக்குள் காறித் துப்பினான். ஆனால் மனைவி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பழைய சாமான் கடையில் நாலு நாற்காலி வாங்கி வந்து, படுக்கையறை வாசலில் ஒன்று, சமையலறை வழியில் ஒன்று, குளியலறையில் ஒன்று, தெருக் கதவோரம் ஒன்று என்று போட்டாள். பேருந்து நிறுத்தம் மாதிரி ஒவ்வொன்றிலும் இறங்கி இறங்கி அவன் வீட்டுக்குள் பயணம் செய்தான்.

அவளுடைய தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, அந்த நாற்காலிகளில் ஒன்றை நிரப்பிக்கொண்டு உட்காருவான். வாழ்க்கையில் அவன் தூக்கிய ஒரே பாரம் தன் தொப்பை. "எனக்குந்தான் மாமா வந்துச்சு. நாலு நாள் படுத்தேன், எந்திரிச்சேன். உடம்பு சொல்றதை எல்லாம் நாம கேட்டுக்கிட்டு இருக்கக் கூடாது" என்பான். கிரேனுக்கு அவன் கழுத்தைப் பிடிக்க ஆசையாக இருக்கும். கழுத்துவரைக்கும் கையைத் தூக்கத்தான் தெம்பு இருக்காது.

கிடங்கு மேஸ்திரி போனில் பேசியது வேறு மாதிரி. எத்தனை மாதம்தான் இடத்தைப் பிடித்து வைப்பது, மேலே கேட்கிறார்கள் என்று ஆரம்பித்து, கடைசியில் நேராக வந்துவிட்டார். "நடிக்கிறியா, நெசமான்னு எனக்குத் தெரியாது கிரேன். மாசம் முடியறதுக்குள்ள வா. எல்லார் முன்னாலயும் ஒரு மூட்டை. மேடையிலேர்ந்து லாரி வரைக்கும், கீழ வைக்காம. வச்சா, வெளக்கமாறுதான்."

விளக்குமாறு என்றால் என்ன என்று கிரேனுக்குத் தெரியும். இதே காய்ச்சலில் படுத்து எழுந்து வந்த நெட்டை, பாதி வழியில் மூட்டையைக் கீழே வைத்தான். இப்போது சிந்திய மாவைக் கூட்டுகிறான். பாதிச் சம்பளம். மாவு படிந்து புருவம்வரை வெளுத்துப்போன முகம். நேற்றுவரை தோள் உரசி நடந்தவர்கள் அவனைத் தாண்டித்தான் போகிறார்கள், பார்த்துப் போவதில்லை. செத்தாலும் அந்த நிலைக்கு வரக் கூடாது என்று கிரேன் முடிவு செய்திருந்தான். அந்தப் பாதிச் சம்பளம் வீட்டு வாடகைக்கே போதாது என்பது ஒரு பக்கம். கிரேன் என்று ஒருவன் இருந்ததே இல்லை என்றாகிவிடும் என்பது இன்னொரு பக்கம்.

மறுநாள் குளியலறை நாற்காலி சூடாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் தெருக் கதவோர நாற்காலி. அவன் எங்கே போகக் கிளம்புகிறானோ அங்கே, அவனுக்கு ஒரு நொடி முன்னால் யாரோ இளைப்பாறிவிட்டுப் போனார்கள். அவன் உட்காருவான். சூடு மட்டும் கிடைக்கும், இளைப்பாறல் கிடைக்காது. தின்றுவிட்டு வைத்த தட்டு மாதிரி.

ஒரு மத்தியானம். தண்ணீர் குடிக்கக் கிளம்பி, பாதி வழியில் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான். உட்காரும் இடம் லேசாக அமுங்கியிருந்தது. யாரும் இல்லாத நாற்காலி, யாரோ இருக்கிற மாதிரி அமுங்கியிருந்தது. பயப்படக்கூட ஒரு தெம்பு வேண்டும். அவனிடம் மிச்சம் இருந்தது எரிச்சல் மட்டும்தான். கிடங்கில் சொல்கிற ஒரு சொல்லைக் கிண்டலாகச் சொன்னான்.

"மாத்து."

கிடங்கில் அதற்கு ஒரு முறை உண்டு. மேடைக்கும் லாரிக்கும் நடுவில் உட்கார ஒரே ஒரு பலகை. சுமந்து வருகிறவனுக்கு இனி முடியாது என்றால், பலகைக்கு முன்னால் நின்று மாத்து என்பான். உட்கார்ந்திருப்பவன் எழுந்து அந்தச் சுமையைத் தன் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டும். வந்தவன் உட்காருவான். ஏன் என்று கேட்கக் கூடாது. முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் யாருக்கு எழுவது, யாருக்கு எழ வேண்டாம் என்று மனசு கணக்குப் போடும். சொல் காதில் விழுந்ததும் உடம்பு எழுந்துவிட வேண்டும். அவ்வளவுதான். அவன் உடம்பு அப்படிப் பழகித்தான் வளர்ந்தது.

நாற்காலி கிரீச்சென்றது. அமுங்கிய இடம் மெல்ல மேலே வந்தது. ஈரச் சாக்கின் வாடையோடு ஏதோ ஒன்று அவன் முகத்துக்கு நேராக எழுந்து நின்றது. தோளில் ஒரு கை, இல்லை, கை மாதிரி ஒன்று, பட்டது. பழகிய கை. மூட்டையின் மூலைக் காதைப் பிடித்து வாங்கத் தெரிந்த கை.

பாரம் இறங்கியது.

அவன் உட்கார்ந்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக உட்கார்ந்தது உட்கார்ந்த மாதிரி இருந்தது. நெஞ்சுக்குள் காற்று தடையில்லாமல் போய் வந்தது. மூளையில் படிந்திருந்த புகை விலகி, தண்ணீர் குடிக்க வந்தோம் என்று நினைவு வந்தது. எழுந்து போய்க் குடித்தான். சுவரைப் பிடிக்காமல் நடந்தான். பாத்திரம் கழுவினான். திரைகளை விலக்கினான். பின்னால், படுக்கையறைப் பக்கம், யாரோ சுவரைத் தடவித் தடவி நடக்கிற சத்தம் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துகொண்டான்.

சாயங்காலம் வந்த மனைவி, நின்றுகொண்டே குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்துப் பையைக் கீழே போட்டுவிட்டாள். மருந்து வேலை செய்கிறது என்று சொல்லி வைத்தான். அவள் மூலையில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தபோது, இதற்காக எந்தப் பிசாசு வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சுமக்கட்டும் என்று தோன்றியது.

இரண்டாம் நாள் அது வந்தது.

அவன் தெருக் கதவோர நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. கால் தூக்கி வைக்கிற சத்தம் இல்லை, காலைத் தரையோடு இழுக்கிற சத்தம். கொஞ்சம் இழுக்கும். நிற்கும். மூச்சு வாங்கும். அந்த மூச்சில் கிழிந்த துருத்தியின் விசில் இருக்கும். மறுபடி இழுக்கும். சமையலறை வழியைத் தாண்டியது. அறையைத் தாண்டியது. அவன் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றது. எதிரே சுவர்தான் தெரிந்தது. ஆனால் சாக்கு வாடை மூக்கை அடைத்தது. நெற்றியில் சூடான மூச்சு பட்டுப் பட்டுத் திரும்பியது. ஏதோ ஒரு வாய் திறக்கிற ஈரச் சத்தம்.

சொல் வருவதற்கு முன் அவன் துள்ளி எழுந்தான். இரண்டு எட்டு தள்ளிப்போய் நின்றான்.

அது சொல்லவில்லை. அந்த மூச்சு திணறிக்கொண்டு அங்கேயே நின்றது.

அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது. நிற்கிறவனிடம் மாத்துக் கேட்க முடியாது. உட்கார்ந்திருப்பவனிடம்தான் கேட்க வேண்டும். முறை என்றால் முறை. அதுவும் கிடங்கு முறை தெரிந்ததுதான் போலிருக்கிறது. அப்படியானால் உட்காராவிட்டால் தீர்ந்தது.

அன்றே நாற்காலிகளை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து, கட்டிலுக்குப் பின்னால் தள்ளினான். நின்றுகொண்டே சாப்பிட்டான். நின்றுகொண்டே டிவி பார்த்தான். படுப்பதும் குந்துவதும் உட்காருவது ஆகாது என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். தீர்ப்பு செல்லுபடியானது. கழிப்பறையில் மட்டும், அந்தச் சொல் காதில் விழாதபடி, கொஞ்சம் சத்தமாகப் பாட்டுப் பாடினான்.

"ஏங்க, சேரை எல்லாம் ஏன் கவுத்து வச்சிட்டீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"இனிமே அதெல்லாம் எதுக்கு?"

"நல்லதுதான். ஆனா ஒரு வாய் சோறாவது உக்காந்து தின்னுங்களேன். பாக்கிறவங்களுக்கு எங்கயோ ரயிலுக்குப் போற மாதிரி இருக்கு."

உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது என்றான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால், கதவு மூலையில், அது சுவரில் சாய்ந்து நின்று இளைத்துக்கொண்டிருந்தது அவளுக்குக் கேட்கவில்லை.

பகல் முழுக்க அவனும் அதுவும் மட்டும். முதலில் இருந்த பயம் போய், அவனுக்கு அதைக் கண்டால், இல்லை, கேட்டால், அருவருப்பு வந்தது. என்ன ஒரு சோப்ளாங்கி. அறைக்கு அறை போக இத்தனை நேரமா. போகிற வழியில் நின்று, எங்கே கிளம்பினோம் என்று மறந்த மாதிரி அப்படியே நிற்கும். பிறகு வந்த வழியே திரும்பும். மத்தியான வெளிச்சம் பட்டால் ஜன்னலை விட்டு ஒதுங்கும். குழாயடியில் ஒரு டம்ளரைத் தூக்க முயன்று கீழே போட்டுவிட்டு, அதற்கே அரை நாள் இளைக்கும். அவன் பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்த்து, அது இருக்கும் என்று தோன்றிய பக்கத்தைப் பார்த்து, "நடிக்காதடா" என்றான். "நாலு நாள்ல எந்திரிச்சிருக்கணும். ஒடம்பு சொல்றதை எல்லாம் கேட்டா இப்படித்தான்." சொல்வதற்குச் சுகமாக இருந்தது. மச்சினன் ஏன் வாராவாரம் வந்து சொல்கிறான் என்று அன்றுதான் விளங்கியது.

அது உட்கார இடம் தேடி, வெறும் வீட்டைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டு நடந்தது.

மாதக் கடைசியில் அவன் கிடங்குக்குப் போனான். பேருந்தில் காலி இருக்கை இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றான். யாரும் இல்லாத முதுகுப் பக்கம் யாரோ அவன்மேல் சாய்ந்துகொண்டு வந்தார்கள். ஈரச் சாக்கு வாடை. தோளை ஓர் உலுக்கு உலுக்கித் தள்ளிவிட்டான்.

கிடங்கு அப்படியே இருந்தது. மாவுப் புழுதி, டீசல் புகை, உயரத்தில் தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாகச் சாய்ந்து விழும் வெயில் கம்பிகள். வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் வந்து நின்றார்கள். யார் முகத்திலும் அன்பு இல்லை. விழப்போகிறவனைப் பார்க்க வந்த முகங்கள். கிரேன் ரிப்பேருக்குப் போய் வந்திருக்கிறது, ஆயில் ஊற்றினார்களா என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி தலையை மட்டும் அசைத்தார்.

இரண்டு பேர் தூக்கிவிட, மூட்டை தோளில் உட்கார்ந்தது.

ஒன்றுமே இல்லை. தலையணை. அவன் நடந்தான். பலகையைத் தாண்டும்போது அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லாரியின் பின்கதவில் மூட்டையைச் சாய்த்துப் போட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே திரும்பி வந்து தோளுக்கு ஒன்றாக இரண்டை ஏற்றச் சொன்னான். அதையும் போட்டான். சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அத்தனை பேரும் அவனுக்கு அப்போது கூட்டித் தள்ள வேண்டிய குப்பை மாதிரி இருந்தார்கள்.

"எடம் உன்னோடதுதான்டா" என்றார் மேஸ்திரி. "நாளையிலேர்ந்து வந்துடு."

கூட்டம் பிரிந்தபோது நெட்டை விளக்குமாற்றோடு கிட்டே வந்தான். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மேடையிலிருந்து லாரிவரை சிந்திக் கிடந்த மாவில் கிரேனின் காலடிகள் தெளிவாக இருந்தன. அவற்றை ஒட்டியே, பின்னால், இன்னொரு ஜோடி. வெறுங்கால். பதிந்தவை இல்லை, இழுபட்டவை.

"கிரேன், இது யாரு காலு?" என்றான் நெட்டை, வாய்க்குள்ளேயே.

"ஒன் வேலை கூட்டுறது. கூட்டு."

நெட்டை அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தான். "உக்காராதடா" என்றான்.

கிரேனுக்குக் குப்பென்று வியர்த்தது. அதற்குள் பழைய கூட்டாளிகள் சூழ்ந்துகொண்டார்கள். ஜெயித்தவனோடு ஒட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? டீ வந்தது. ஒருவன் முதுகில் தட்டினான். ஒருவன் கையைப் பிடித்து இழுத்தான். ராஜா மாதிரி பலகையில் உட்கார் என்றான் இன்னொருவன். அவன் வேண்டாம் என்றான். கால்களை ஊன்றினான். அவன் பிகு பண்ணுகிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே, நாலைந்து கைகள் அவன் தோளைப் பிடித்து அழுத்தின.

உட்கார்ந்துவிட்டான்.

ஒரு நொடிதான். எழ முயன்றான். கைகள் விடவில்லை. சிரிப்புச் சத்தம். டீ வாடை. அதற்கு அடியில் ஈரச் சாக்கு வாடை. சிரிப்புக்கு நடுவே ஓர் இழுப்பு. நின்றது. மூச்சு. இன்னோர் இழுப்பு. கிட்டே. முழங்காலுக்கு முன்னால்.

"மாத்து."

அவனுடைய சொந்தக் குரல்.

மனசு எழாதே என்றது. மனசை யார் கேட்டது? சொல் காதில் விழுந்தது, உடம்பு எழுந்தது. தோளைக் கொடுத்தது. முகத்தைப் பார்க்காமல், ஏன் என்று கேட்காமல், பழகின மாதிரி.

பாரம் ஏறியது.

மூட்டை இல்லை. அவன் கொடுத்த களைப்பு மட்டும்கூட இல்லை. நின்று நின்று, சுற்றிச் சுற்றி, உட்கார இடம் இல்லாமல் அது சேர்த்த அத்தனையும். கழுத்து மடங்கியது. கண்ணுக்குள் வெயில் கம்பிகள் ஊசியாக இறங்கின. மூச்சு பாதியில் நின்றது. வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

அவர்கள் பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பலகையில் ஒருவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து டீ குடித்தான். கிரேனின் அதே அகன்ற தோள். முழங்கையில் அதே பழைய தழும்பு. சட்டைப் பையில் கிரேனின் போன் அடித்தது. எடுத்தான். மனைவியின் குரல் கொசு மாதிரி கேட்டது.

"தூக்கிட்டேன் புள்ள. எடம் நம்மளுதுதான்" என்றான் அவன். "இல்ல, உக்காந்துதான் பேசறேன்." அந்தப் பக்கம் அவள் அழுவதும் சிரிப்பதும் கேட்டது.

நின்றவன் இருந்த மூச்சை எல்லாம் ஒன்று சேர்த்தான். பலகைக்கு நேராக நின்றான்.

"மாத்து."

பலகையில் இருந்தவன் போனைப் பையில் போட்டான். எழவில்லை. தலையை நிமிர்த்தி, யாரும் பார்க்கக் கூடாத அந்த முகத்தை நேராகப் பார்த்தான். மேலிருந்து கீழாக ஒரு தடவை. கீழிருந்து மேலாக ஒரு தடவை. அந்தப் பார்வை நின்றவனுக்குத் தெரியும். அது அவனுடைய பார்வை.

பிறகு டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சோம்பல் முறித்து, தானாக எழுந்தான். மேஸ்திரியின் தோளில் கை போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

நெட்டை கூட்டிக்கொண்டு வந்தான். மேடை ஓரம். நடு வழி. பலகையடி. விளக்குமாறு ஓரிடத்தில் தயங்கியது. மாவில் இரண்டு வெறுங்கால் தடங்கள், விரல்கள் பலகையைப் பார்த்தபடி. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை கொஞ்சம் அழுந்தின. நெட்டை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த இரண்டையும் விட்டுவிட்டு, சுற்றிலும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

இரும்புக் கதவு இறங்கியது. வெளிச்சம் முழங்காலுக்கு வந்தது. கணுக்காலுக்கு வந்தது. கோடானது.

பாரத்தோடு உட்கார முடியாது. வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால்தான் உட்காரலாம்.

பலகை காலியாக இருந்தது. அவன் அதற்கு முன்னால் நின்றான்.